ரிவர்ஸ் கியர் விழ மறுக்கும்போது: பழைய காருக்குள் நடப்பது என்ன?

பழைய மேனுவல் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம். கார் நின்றிருக்கிறது. கிளட்சை மிதித்து லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளுகிறோம். பல்லைக் கூசவைக்கும் ஒரு 'கர்ர்ர்' சத்தம் வருகிறது. அல்லது சத்தமே இல்லாமல் லீவர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் போவதில்லை. முன்னால் போகும் கியர்கள் எல்லாம் ஒழுங்காக விழுகின்றன, இது மட்டும் அடம்பிடிக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்ற பயம் உடனே வந்துவிடும்.

பெரும்பாலும் போயிருக்காது. மற்ற கியர்களுக்கு இருக்கும் ஒரு வசதி பழைய கார்களின் ரிவர்ஸுக்குக் கிடையாது. அதனால் கிளட்சில் தொடங்கும் சிறிய குறைகூட முதலில் ரிவர்ஸில்தான் தலைகாட்டும். ரிவர்ஸ் முரண்டு பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சை, அடுத்தது லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் இணைப்பை. கியர்பாக்ஸின் உள்பாகங்கள் அதற்கும் அடுத்துதான். இந்த வரிசையை மாற்றியதால் தேவையில்லாமல் பிரிக்கப்பட்ட கியர்பாக்ஸ்கள் ஏராளம்.

பின்னால் போக ஒரு சக்கரம் கூடுதல்

கியர்பாக்ஸுக்குள் இருப்பவை பல் வெட்டிய சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் தண்டுகளும். எஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச் வழியாக வாங்கிக்கொள்ளும் தண்டை உள்தண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுழற்சியை டயர்களுக்கு அனுப்பும் தண்டு வெளித்தண்டு. வெளித்தண்டு டயர்களோடு பிணைந்தது. கார் நின்றால் அதுவும் நின்றுவிடும். உள்தண்டு அப்படியல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து, கிளட்சும் மிதிக்கப்படாமல் இருந்தால், கார் நின்றிருந்தாலும் உள்தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், நியூட்ரலில் உள்தண்டும் அதே 800 சுற்றுத்தான். ஒரு தண்டு நிற்கிறது, இன்னொன்று சுற்றுகிறது. ரிவர்ஸ் தகராறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

பல்லோடு பல் கோத்த இரண்டு சக்கரங்கள் எப்போதும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் கடைசிச் சக்கரத்தின் திசை மாறிவிடும். ரிவர்ஸ் கியரின் தத்துவம் இவ்வளவுதான். அந்த நடுச் சக்கரத்தின் பெயர் ஐட்லர். திசையைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை.

முன்னோக்கிச் செல்லும் கியர்களில் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கின்றன. நாம் கியர் போடும்போது சக்கரங்கள் நகர்வதில்லை. எந்தச் சக்கரம் தண்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு வளையம் நகர்ந்து தீர்மானிக்கிறது. பூட்டிக்கொள்ளும் முன், சிங்க்ரோ என்ற பித்தளை வளையம் கூம்பு வடிவச் சக்கர முகப்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடுகிறது. வேகம் சமமான பிறகே பூட்டு விழும் என்பதால் சத்தம் இல்லை, உரசல் இல்லை. 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்துசேர்ந்தது. ஓட்டுநருக்கு இதைப்போல ஆறுதல் தந்த கண்டுபிடிப்புகள் அதிகமில்லை.

ரிவர்ஸுக்கு மட்டும் அது வெகு காலம் கிடைக்கவில்லை. கார் நின்ற பிறகுதானே ரிவர்ஸ் போடப் போகிறோம், அதற்கு எதற்குச் செலவும் இடமும் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். அதனால் பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் என்பது நிஜமாகவே ஒரு சக்கரம் நகர்ந்து போய் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நுழையும் வேலை. நகர்ந்து நுழைய வேண்டுமென்பதால் அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும். முன்னோக்கிச் செல்லும் கியர்களில் இருக்கும் சாய்வான பற்கள் இதற்கு ஒத்துவராது. பின்னால் போகும்போது மட்டும் கார் 'உய்ய்ய்' என்று ஊளையிடுவது அந்த நேரான பற்களின் ஓசைதான். அது நோய் அல்ல, பிறவிக் குணம். புதிய கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ வைத்துவிட்டார்கள். அங்கே இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஐட்லர் சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பல்லின் ஒரு பக்க விளிம்பும் உளியால் சீவியதுபோல் சரிவாக இருப்பது தெரியும். எதிரே வரும் பல்லின் இடுக்கில் வழுக்கி இறங்கட்டும் என்பதற்காகச் செய்த சரிவு அது. தேய்ந்த கியர்பாக்ஸில் இந்த விளிம்பு மழுங்கி, ஓரங்கள் பொரிந்து, சில இடங்களில் சில்லு பெயர்ந்து கிடக்கும். ஒவ்வொரு 'கர்ர்ர்' சத்தத்துக்கும் அந்த விளிம்பிலிருந்து கொஞ்சம் இரும்பு கரைந்து ஆயிலில் கலக்கிறது. அதனால்தான் சத்தத்தோடு ரிவர்ஸைத் திணிக்கும் பழக்கத்தை நான் மன்னிப்பதே இல்லை. இன்று கிளட்சில் இருக்கும் மலிவான குறையை நாளைக்கு கியர்பாக்ஸில் இருக்கும் விலையுயர்ந்த குறையாக மாற்றுவது அந்தப் பழக்கம்தான்.

சத்தம் வருகிறதா, வரவில்லையா?

தொல்லை வந்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. பதிலைப் பொறுத்துப் பாதையே மாறிவிடும்.

சத்தம் வந்தால், உள்ளே ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்று, கார் முழுவதும் நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போடுவது பலரிடம் இருக்கும் அவசரம். இரண்டாவது, கார் நின்றுவிட்டது, ஆனால் உள்தண்டு இன்னும் நிற்கவில்லை. கிளட்சை மிதித்தவுடன் உள்தண்டுக்கு எஞ்சினோடு தொடர்பு அறுந்துவிடும், ஆனால் அது பிடித்து வைத்த வேகம் உடனே மறையாது. ஆயிலின் இழுப்பிலும் பேரிங்கின் உராய்விலும் மெல்ல அடங்கி நிற்க மூன்று நான்கு விநாடி ஆகும். ஆகவே, பிரேக்கில் காலை வைத்துக் காரை முழுவதும் நிறுத்துங்கள், கிளட்சைத் தரையோடு மிதியுங்கள், மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், பிறகு லீவரை நிதானமாக நகர்த்துங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது, சூடான பிறகு வருவதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கார்புரேட்டர் வைத்த காரில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்திருந்தால் ஐடிலிங் 1,200 சுற்றுக்கு மேல் ஏறியிருக்கும். அவ்வளவு வேகத்தில் சுற்றிய உள்தண்டு அடங்கக் கூடுதல் நேரம் வேண்டும். எஞ்சின் சற்று அமைதியாகும் வரை காத்திருப்பது போதும். சூடான பிறகும் ஐடிலிங் உயர்ந்தே இருந்தால் அதைச் சரிசெய்வது ரிவர்ஸுக்கும் நல்லது, பெட்ரோலுக்கும் நல்லது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. கிளட்சை மிதித்தபடியே முதலில் ஏதாவது ஒரு முன்கியரில் போடுங்கள், இரண்டாவது கியர் வசதி. அந்தக் கியரின் சிங்க்ரோ, நிற்கும் வெளித்தண்டோடு உள்தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். பிறகு கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் அங்கிருந்து நேராக ரிவர்ஸுக்குப் போங்கள். ஒழுங்கான கிளட்ச் உள்ள காரில் ரிவர்ஸ் வெண்ணெய்போல் இறங்கும். இரண்டாவது கியரிலிருந்து எடுத்து ரிவர்ஸுக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே மறுபடி 'கர்ர்ர்' என்றால், நிறுத்திய தண்டை யாரோ மீண்டும் சுற்றிவிடுகிறார்கள் என்றாகிறது. அந்த 'யாரோ' கிளட்ச்தான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இப்போது சத்தமே இல்லாத நிலை. எல்லாம் அசையாமல் நிற்கிறது, ஆனால் ஐட்லரின் பல் எதிர்ச் சக்கரத்தின் பல்லுக்கு நேராகவே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு சீப்புகளை எதிரெதிராக வைத்து அழுத்தினால் சில சமயம் பல் இடுக்கில் நுழையும், சில சமயம் பல்லோடு பல் மோதி நிற்கும் அல்லவா, அதே கதை. இதில் குறை ஒன்றும் இல்லை, வெறும் தற்செயல். நியூட்ரலுக்குத் திரும்பி, கிளட்சை ஒரு கணம் விட்டு மீண்டும் மிதித்தால் உள்தண்டு கொஞ்சம் சுற்றி வேறொரு இடத்தில் நிற்கும்; மறுபடி முயன்றால் விழுந்துவிடும். இடமிருந்தால் காரை ஒரு சாண் முன்னே நகரவிட்டு நிறுத்திப் போட்டாலும் பலன் கிடைக்கும். எப்போதாவது ஒரு முறை இப்படி நேர்வது சகஜம். பத்துக்கு எட்டு முறை நேர்ந்தால் அது தற்செயல் இல்லை.

சத்தம் இல்லாமல், முட்டிக்கொள்ளும் உணர்வும் இல்லாமல், லீவர் அந்தப் பக்கத்துக்கே போக மறுக்கிறது என்றால் அது வேறு வகை. இணைப்பிலோ பூட்டிலோ கோளாறு இருக்கும்.

எல்லாவற்றையும் பிரித்தறியும் ஒரு சோதனை உண்டு, கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பல் முட்டினால் காரைச் சற்று முன்னும் பின்னும் அசைத்து மீண்டும் முயலுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் கிளட்ச். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி விழ மறுத்தால் லீவர் இணைப்பு, இல்லையேல் கியர்பாக்ஸின் உட்புறம். பட்டறைக்குப் போகுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது.

கிளட்ச் முழுவதும் விடாதபோது

கிளட்ச் என்றாலே வழுக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்: எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை, பிளேட் தேய்ந்துவிட்டது என்று. அதற்கு நேர்மாறான நோய் ஒன்று இருக்கிறது. மிதியைத் தரை வரை மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் முழுவதும் விடுபடாமல், எஞ்சினோடு லேசாக ஒட்டி இழுபட்டுக்கொண்டே இருப்பது. உள்தண்டு நிற்கவே நிற்காது. முன்கியர்களில் சிங்க்ரோ தன் பலத்தால் அதை அடக்கிவிடுவதால் லீவர் கொஞ்சம் கடினமாக இருப்பதுபோல் மட்டும் தோன்றும். நாம் பொருட்படுத்த மாட்டோம். சிங்க்ரோ இல்லாத ரிவர்ஸில் உண்மை வெளிப்பட்டுவிடும். இந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டினால் முதல், இரண்டாம் கியர்களின் சிங்க்ரோக்களும் சேர்ந்து தேயும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதில் அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிதி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகப் பயணிக்கிறது. அதன் பலனாக, கிளட்ச் பிளேட்டை எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட் உள்ளே பின்வாங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் கிடைக்கும் இடைவெளி அதிலும் பாதி. ஆகவே மிதியின் பயணத்தில் ஒரு சிறு பகுதி வழியில் எங்காவது தொலைந்தாலும் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கும் தரைவிரிப்பு இதற்குப் போதும். இருக்கையை வெகு பின்னால் தள்ளிவைத்து, நுனிக்காலால் மிதிப்பவருக்கும் இதே கதிதான். முதலில் இவற்றைப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனைகளை விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போக வேண்டாம்.

கேபிள் கிளட்ச் உள்ள காரில், மிதிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது உறைக்குள் ஓடும் ஒரு இரும்புக் கயிறு. அது வருடக்கணக்கில் நீள்கிறது, உறை அமுங்குகிறது, முனையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மிதியை விரலால் அழுத்திப் பாருங்கள்: எதிர்ப்பே இல்லாமல் சும்மா இறங்கும் தூரம் கொஞ்சம் இருக்கும். பல கார்களில் அது ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர். உங்கள் காரின் கையேட்டில் இருக்கும் அளவே கடைசி வார்த்தை. அந்தச் சும்மாத் தூரம் அதிகமானால் கிளட்ச் முழுவதும் விடாது, ரிவர்ஸ் கரகரக்கும். அது அடியோடு இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் முனையில் இருக்கும் நட்டைச் சில சுற்று முறுக்குவதில் இந்தச் சரிசெய்தல் முடிந்துவிடும். முறுக்கும் முன் கேபிளின் இரு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிரு இழை விரிந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் அட்ஜஸ்ட் செய்வதில் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் இழைகள் நெரிசலான சாலையில்தான் அறுந்து தொலைக்கும்.

ஹைட்ராலிக் கிளட்சில் கயிற்றுக்குப் பதில் திரவம். மிதி ஒரு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது, அது குழாய் வழியே ஆயிலைத் தள்ளுகிறது, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தால், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்துகிறது. பெரும்பாலான கார்களில் இதில் ஊற்றுவது பிரேக் ஆயிலேதான், டாட் 3 அல்லது டாட் 4. சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கையேட்டில் எழுதியதைத் தவிர வேறு எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது. எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ போனால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

இந்த அமைப்பில் காற்று புகுந்தாலோ, சீல் தேய்ந்து அழுத்தம் நழுவினாலோ ரிவர்ஸ் உடனே காட்டிக்கொடுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ரிவர்ஸ் விழாதபோது கிளட்ச் மிதியைத் தொடர்ந்து மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துவிட்டு, கடைசி மிதியிலேயே காலை வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். அப்போது விழுந்தால் குறை ஹைட்ராலிக்கில்தான். காற்றோ கசிவோ இருக்கிறது. டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள், எங்கேயோ ஒழுகுகிறது. மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் ஈரம் காருக்குள்ளேயே, மிதியின் தண்டோரமாக இறங்கி விரிப்பில் படும். ஸ்லேவ் சிலிண்டரைப் பார்க்கக் காருக்கு அடியில் போக வேண்டும். அதன் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும்; அதன் உதட்டை விரலால் மெல்லத் தூக்கினால், நல்ல சிலிண்டரில் உள்ளே உலர்ந்த தூசிதான் இருக்கும். ஒழுகும் சிலிண்டரில் கருத்த ஆயில் சொட்டாக விரலில் வழியும். விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்டை அரித்துவிடும்.

சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்காது, கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறைக்கு (பெல் ஹவுசிங்) உள்ளே, பிரஷர் பிளேட்டை அமுக்கிக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அங்கே இந்தப் பார்வை கிடைக்காது; கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடியில் பிரேக் ஆயில் சொட்டுகிறதா என்று பார்ப்பதே வழி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தண்டு நிற்கவில்லையென்றால் குறை கிளட்சுக்குள்ளேயே இருக்கிறது. பாதி கிளட்சில் காலை வைத்தே ஓட்டிச் சூடேறி வளைந்த பிளேட், ஒடிந்த பிரஷர் பிளேட் விரல், தேய்ந்த ஃபோர்க், துருப்பிடித்த ஸ்ப்ளைன் எனக் காரணங்கள் பல. ஸ்ப்ளைன் என்பது கிளட்ச் பிளேட் உள்தண்டின் மேல் முன்பின் வழுக்கும் பள்ளங்கள். அது துருப்பிடித்தால் பிளேட் விலகி வராமல், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலிலேயே உரசிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரில் பிளேட்டே ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு; அப்போது எஞ்சின் ஓடும்போது எந்தக் கியருமே விழாது. பின்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இன்னொரு மறைவான குற்றவாளி, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் தண்டின் முனையில் உள்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். அது இறுகிவிட்டால் கிளட்ச் எவ்வளவு நன்றாக விட்டாலும் எஞ்சின் தண்டை நேரடியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அண்மையில் கிளட்ச் மாற்றிய பிறகே தொல்லை தொடங்கியது என்றால் மாற்றியவரிடம் திரும்பப் போங்கள். பிளேட்டை முன்பின் மாற்றிப் பூட்டியிருக்கலாம், காற்றை முழுவதும் எடுக்காமல் விட்டிருக்கலாம், கேபிளைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம்.

லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை

எஞ்சின் அணைத்திருந்தும் ரிவர்ஸ் விழவில்லை என்றால், கையின் அசைவு உள்ளே முழுதாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் லீவர் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் இன்னொரு பக்கம். நடுவில் இரும்புக் கம்பிகளோ கேபிள்களோ. மூட்டுகளில் ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் நைலான் அல்லது ரப்பர் வளையங்கள், அதாவது புஷ்கள் இருக்கும். அவை நைந்துபோனால் லீவர் நியூட்ரலிலேயே குழம்பில் விட்ட கரண்டிபோல் ஆடும். எந்தக் கியர் எங்கே என்று தேட வேண்டிவரும். ரிவர்ஸ் பெரும்பாலும் ஓரத்தில், மற்றெல்லாவற்றையும் தாண்டிய வரிசையில் இருப்பதால் பயணம் குறைந்தால் முதலில் எட்டாமல் போவது அதுதான். ஒருவரை லீவரை ஆட்டச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் முனையைப் பாருங்கள். லீவர் அசைந்த பிறகும் கொஞ்ச நேரம் கம்பி அசையாமல் நின்று, பிறகு அசைந்தால் அந்த மூட்டில் புஷ் இல்லை என்று அர்த்தம். மாற்றுவது சுலபமான வேலை, பலன் பெரிது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அமுங்கிவிட்டாலும் கியர்பாக்ஸ் தன் இடத்திலிருந்து இறங்கி, கம்பியின் அளவு தப்பிப்போகும்.

ரிவர்ஸில் தவறுதலாகப் போய்விடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வைத்த பூட்டையும் மறக்கக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் கார்களில் லீவரைக் கீழே அமுக்கி நகர்த்த வேண்டும். ஓப்பல் கார்கள் பலவற்றில் லீவர் தலைக்குக் கீழே இருக்கும் வளையத்தை மேலே தூக்க வேண்டும். ஐந்தாவது கியருக்கு நேர்கீழே ரிவர்ஸ் உள்ள கார்கள் பலவற்றில், ஐந்திலிருந்து நேராகக் கீழே இழுத்தால் விழாது. ஒரு முறை நியூட்ரலின் நடுவுக்கு வந்துவிட்டுத்தான் போக வேண்டும். பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் ரிவர்ஸ் விழவில்லை என்று தவிப்பது சில நேரம் இதனால் மட்டுமே. வளையத்தைத் தூக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் மேலே எவ்வளவு தூக்கினாலும் கீழே பூட்டு திறக்காது.

பின்விளக்கும் ஒரு தகவல் தரும். ரிவர்ஸ் லைட்டின் சுவிட்ச் பல கார்களில் கியர்பாக்ஸின் மேலேயே இருக்கிறது. உள்ளே தேர்வுத் தண்டு நகரும்போது அது அமுங்கும். லீவரை ரிவர்ஸில் வைத்ததும் வெள்ளை விளக்கு எரிந்தால், கையின் அசைவு உள்ளே வரை போகிறது என்று கொள்ளலாம். பல்பும் சுவிட்சும் நல்ல நிலையில் இருந்தும் எரியாவிட்டால் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிய நேரம்

ரிவர்ஸ் விழுகிறது, ஆனால் பின்னால் போகும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்றால் அது உள்நோய். ஐட்லர் பற்கள் கூம்பாகத் தேய்ந்திருக்கலாம், கியர்பாக்ஸுக்குள் சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், லீவரை இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சிலர் லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். அப்படிப் பிடிக்கும்போது ஃபோர்க்கின் மேல் விழும் அழுத்தம் தேய்மானத்தை இன்னும் விரைவுபடுத்தும்.

திறக்கும் முன் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறுபோல் நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. கூரான சில்லுகள், பல்லின் வடிவம் தெரியும் துண்டுகள் கிடைத்தால் பிரிக்காமல் வழியில்லை. புதிய ஆயில் ஊற்றும்போது கையேடு சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். பழைய கார்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு எழுதியிருக்கும். எண் பெரியதுதானே என்று ஜிஎல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோக்களைப் பாதிக்கக்கூடும்.

வழியில் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே கார் பின்னால் துள்ளும். பின்புறம் யாரும் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வீடு வந்துசேர இது உதவும், தினமும் செய்யும் வேலை அல்ல. பழுதுபார்க்கும் வரை, ரிவர்ஸ் தேவைப்படாமல் முன்னோக்கியே வெளியே வரக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் "ரிவர்ஸ் விழவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் வருகிறதா, எஞ்சினை அணைத்தால் விழுகிறதா, மிதியைப் பல முறை மிதித்தால் மாறுகிறதா, குளிரில் மட்டுமா என்பதைச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இந்த நான்கு பதில்களையும்தான் முதலில் கேட்பார். எதையும் கேட்காமல் கியர்பாக்ஸை இறக்கலாம் என்று சொல்பவரிடம், கேபிளையோ ஹைட்ராலிக்கையோ முதலில் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும், கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீலையும் அதே சமயத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவற்றில் எது பின்னால் கெட்டாலும் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும், கூலியும் இரண்டாவது முறை கொடுக்க வேண்டியிருக்கும்.